தைல டப்பியில் எழுதியிருப்பதைப் படித்ததுண்டா?

மருத்துவரிடம் போகிறோம். "வேறு என்னென்ன மருந்து எடுத்துக்கொள்கிறீர்கள்?" என்று கேட்கிறார். சர்க்கரைக்கு ஒன்று, பிரஷருக்கு இரண்டு, தூக்கத்துக்கு அரை என்று வரிசையாகச் சொல்கிறோம். தைலம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? நான் கேட்டதில்லை. இத்தனைக்கும் அது சட்டைப்பையிலேயே இருக்கும். இரவில் தலையணைக்கு அடியில் இருக்கும். மற்ற மாத்திரைகளை மறந்தாலும் அதை மறக்கமாட்டோம். ஆனால் மருந்துக் கணக்கில் அது வராது, திருநீறு மாதிரி ஒரு பொருள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

தைலம் ஒரு மருந்து என்பதுதான் என் கட்சி. நல்ல மருந்துதான், ஐம்பது வருடமாக நானும் தேய்த்துக்கொள்கிறவன். ஆபீசில் மார்ச் மாதக் கணக்கு முடிக்கிற நாட்களில் எங்கள் பிரிவே தைல வாசனையில்தான் வேலை பார்த்தது. அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல வரவில்லை.

நம் ஊருக்குத் தைலம் பல வழியில் வந்தது. 1893இல் பம்பாயில் காசிநாதுனி நாகேஸ்வர ராவ் தொடங்கிய அமிர்தாஞ்சன், 1914இல் சென்னைக்கு வந்துவிட்டது. மயிலாப்பூரில் இருக்கும் நாகேஸ்வர ராவ் பூங்கா அவர் பெயரில் உள்ளதுதான். சைகோனிலிருந்து திரும்பிய குடும்பங்களில் புலி மார்க் டப்பியைப் பார்த்திருப்பீர்கள். ரங்கூனில் ஒரு சீன வைத்தியர் குடும்பத்தில் பிறந்து, பிறகு சிங்கப்பூருக்குப் போன சரக்கு அது. சிங்கப்பூர் போய் வருகிறவர்கள் கோடாலி தைலம் கொண்டுவருவார்கள். ஒரு பாட்டில் கிடைத்தவர் தெருவில் நான்கு பேருக்காவது சொல்லிவிடுவார்!

பெயர் எதுவானாலும் உள்ளே பெரும்பாலும் அதே கூட்டணிதான். புதினாவிலிருந்து வரும் மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய், பலவற்றில் விண்டர்கிரீன் எண்ணெய். மெந்தால் உண்மையில் எதையும் குளிரவைப்பதில்லை. நம் நரம்பின் நுனியில் குளிரை உணர்வதற்கென்றே ஒரு வாயில் இருக்கிறது, மெந்தால் அதைத் திறந்துவிடுகிறது. மூளை 'குளிர்கிறது' என்று நம்பிவிடுகிறது. மெந்தாலை வைத்தே அந்த வாயிலைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸ், ஆர்டெம் பட்டபூட்டியன் இருவருக்கும் 2021இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது. அடைத்த மூக்கும் இப்படித்தான். தைலம் முகர்ந்தவுடன் திறந்த மாதிரி இருக்கும். அளந்து பார்த்தால் உள்ளே போகும் காற்று அதே அளவுதான். அந்த உணர்வே இரவில் தூங்க வைக்கிறது என்றால் அதுவும் லாபம்தான், நான் குறை சொல்லமாட்டேன்.

கவனிக்க வேண்டியது விண்டர்கிரீன் எண்ணெயை. நம் நாட்டுத் தைலங்கள் பல ஆயுர்வேத மருந்தாக விற்கப்படுவதால், டப்பியில் அதன் பெயர் 'கந்தபுர தைலம்' என்று இருக்கும். பெயரைக் கேட்டால் ஏதோ சந்தன வகை என்று தோன்றுகிறதல்லவா? அது மெத்தில் சாலிசிலேட், ஆஸ்பிரினின் நெருங்கிய உறவு. கலப்பில்லாத அந்த எண்ணெய் ஒரு தேக்கரண்டி (5 மில்லி) உள்ளே போனால், இருபது ஆஸ்பிரின் மாத்திரைகளுக்கு மேல் விழுங்கியதற்குச் சமம். தோலில் தேய்த்தால் அவ்வளவு போகாது. ஆனால் கொஞ்சம் போகத்தான் செய்கிறது. இதய வால்வுக்காகவோ வேறு காரணத்துக்காகவோ இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்கள் முழங்கால், முதுகு, தோள் என்று தினமும் தாராளமாகத் தேய்த்தால் மாத்திரையின் வேலை அளவு மீறிப் போய் இரத்தக்கசிவு வரலாம். "ஆயுர்வேதம்தானே, பக்கவிளைவு கிடையாது" என்கிற நண்பர்களிடம் நான் இந்த ஒரு பெயரைத்தான் சொல்வேன். ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் இதே எச்சரிக்கை.

பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் ஒரு பழக்கம். பிரான்சிலிருந்து பிள்ளைகள் யாருக்காவது மருந்து கொண்டுவந்தால், பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் தாளைப் படித்துச் சொல்லும்படி என்னிடம்தான் வருவார்கள். அதை 'நோத்தீஸ்' என்பார்கள். யார் உபயோகிக்கக் கூடாது, எவ்வளவு, எத்தனை நாள், எப்போது மருத்துவரிடம் போக வேண்டும் எல்லாம் அதில் இருக்கும். பெட்டியின் மேல் கண் தெரியாதவர்கள் தடவிப் படிக்க மருந்தின் பெயர் பிரெயில் புள்ளியில் இருக்கும். நம்மூர் டப்பியின் அடியிலோ எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்து, அதுவும் பெரும்பாலும் ஆங்கிலத்தில். முப்பது வருடம் அரசாணைகளின் அடிக்குறிப்பைப் படித்துப் பழகிய எனக்கே பூதக்கண்ணாடி தேவைப்படுகிறது.

அந்த எழுத்தைப் படிக்க முடிந்தால் முதலில் கண்ணில் படுவது, இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு வேண்டாம் என்பதாகத்தான் இருக்கும். நாமோ சளி பிடித்த பேரப்பிள்ளையை மடியில் போட்டு முதலில் எடுப்பது அந்த டப்பியைத்தான். பிரான்சில் 2011இல், மெந்தால், கற்பூரம், யூகலிப்டஸ் வகைச் சரக்கு சேர்ந்த, ஆசனவாயில் வைக்கும் இருமல் மருந்துகளை 30 மாதத்துக்குக் குறைந்த குழந்தைகளுக்குக் கொடுக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். பயம் வலிப்பைப் பற்றியது. காய்ச்சலில் ஒருமுறை வலிப்பு வந்த குழந்தைக்கு எந்த வயதிலும் கூடாது என்றார்கள். மூக்கின் கீழே தடவுவது இன்னும் மோசம். கைக்குழந்தையின் மூச்சுக்குழாய் மிகக் குறுகல், காரமான ஆவி பட்டால் சளி கூடும், சில குழந்தைகளுக்கு மூச்சே ஒரு கணம் நின்றுபோகும்.

இதைச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வருகிறது. தேங்காய் எண்ணெயில் கற்பூரம் போட்டுக் காய்ச்சி மார்பில் தடவித்தானே உன்னை வளர்த்தோம் என்பார்கள். உண்மைதான். கற்பூரம் குழந்தையின் மெல்லிய தோல் வழியாக உள்ளே போகும் என்பதும், சிறு துண்டை விழுங்கினாலே சில நிமிடங்களில் வலிப்பு வரலாம் என்பதும் உண்மைதான். எல்லோருக்கும் வந்துவிடவில்லை என்பதால் அது ஒழுங்கான வைத்தியம் ஆகிவிடாது. தைலமும் சூடமும் பூஜை அறையில் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும் வீடுகளில் பேரன் தவழ ஆரம்பித்துவிட்டானா என்று பாருங்கள்.

நமக்கும் சில விஷயம் உண்டு. மூக்குத் துவாரத்துக்குள் வைக்காதீர்கள். வருடக்கணக்கில் தினமும் வைத்து, எண்ணெய்ப்பசை நுரையீரலில் இறங்கி நிமோனியா ஆன கதைகள் மருத்துவ ஏடுகளில் இருக்கின்றன. தொண்டைக்கு நல்லது என்று நாக்கில் தடவிக்கொள்கிறவர்களையும் பார்த்திருக்கிறேன், வேண்டாம். ஆவி பிடிக்கும்போது தைலத்தை அடுப்பில் கொதிக்கிற தண்ணீரில் போடக் கூடாது, தெறித்தால் முகம்தான் போகும். தேய்த்த இடத்தில் வெந்நீர்ப் பை வைப்பதும் அந்த ரகம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2012இல், இப்படிப்பட்ட வலி நிவாரணிகளால் சிலருக்குத் தோல் வெந்துபோனது என்று எச்சரித்தது. சர்க்கரையால் பாதம் மரத்துப்போனவர்கள் அதிகம் கவனிக்க வேண்டும். எரிவதே தெரியாது, மறுநாள் கொப்புளத்தைப் பார்த்துத்தான் தெரியும். புண், வெடிப்பு இருந்தால் தொடவே வேண்டாம். தேய்த்த கையைச் சோப்பு போட்டுக் கழுவாமல் கண்ணருகே கொண்டுபோகாதீர்கள், கண்புரை அறுவை செய்துகொண்டவர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இவை எல்லாவற்றையும்விட எனக்குப் பயம் வேறொன்றில். என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு இரவு பதினொரு மணிக்கு நெஞ்சில் இறுக்கம். வாயு என்றார். வீட்டம்மா தைலம் தேய்த்தார்கள். சில்லென்று இருந்தது, குறைந்த மாதிரி இருந்தது. மறுபடி தேய்த்தார்கள். விடிகிற நேரம் ஆட்டோவில் கொண்டுபோனார்கள், வழியிலேயே முடிந்துவிட்டது. தைலம் அவரைக் கொல்லவில்லை, ஆறு மணி நேரத்தைத் தின்றுவிட்டது. நெஞ்சில் பாரம், இடது தோளிலோ தாடையிலோ வலி, வேர்த்துக் கொட்டுவது, திடீரென்று இதுவரை இல்லாத தலைவலி, வாய் கோணல், பேச்சுக் குழறல், இவற்றில் எதுவானாலும் டப்பியைத் தேடாதீர்கள். 108க்குப் போன் செய்யுங்கள்.

கேட்க வேண்டியவர்களிடம் ஒன்று கேட்கிறேன். யார் உபயோகிக்கக் கூடாது என்கிற இரண்டு வரியைத் தமிழில், எழுபது வயதுக் கண்ணுக்குத் தெரிகிற அளவில், டப்பியின் மேல் போட என்ன தடை? மூடியில் முழுக்கப் பெயரைப் பளபளவென்று அச்சடிக்க இடம் இருக்கிறதே. அதுவரை இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள், அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மாத்திரைச் சீட்டோடு தைல டப்பியையும் எடுத்துப்போய் மேசையில் வையுங்கள்.