குகைக்குள் இருக்கிற குட்டிகளை என்ன செய்வது?

மேசையைச் சுற்றி இருந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாகக் கதை வளர்க்கிற விளையாட்டு டன்ஜன்ஸ் அண்ட் ட்ராகன்ஸ். நடத்துபவருக்கு இடம், எதிரிகள், பொறிகள் எல்லாத்தையும் எழுதித் தருகிற புத்தகம்தான் மொடியூல். பழசு வெறும் வெட்டுக்குத்து, புதுசிலதான் கதை இருக்கு எண்டு ஒரு பேச்சு. எங்களுக்கு அதில் உடன்பாடில்லை.

கரி கைகக்ஸ் எழுதி 1979இல் வந்த 'த கீப் ஒன் த போர்டர்லண்ட்ஸ்' மொடியூலை எடுங்கோ. ஒரு எல்லைக் கோட்டை, பக்கத்தில் அரக்கர் குகைகள். கோட்டை மனிசருக்குப் பெயர்கூட இல்லை. ஆனால் குகைக்குள் போனால், சண்டை பிடிக்காத குட்டிகளும் இருக்கும். அவற்றை என்ன செய்வது? புத்தகம் சொல்லாது. விளையாடுகிற நாங்கள்தான் முடிவெடுக்க வேணும்.

2016இல் வந்த 'கேர்ஸ் ஒஃப் ஸ்ட்ராட்', ஹிக்மன் தம்பதியின் 1983 'ரேவன்லொஃப்ட்' மொடியூலின் விரிவு. கதை அருமை, வில்லனை மறக்க ஏலாது. ஆனால் அதில் வரும் விஸ்தானி நாடோடிகளைப் பெரும்பாலும் குடிகாரராக, வில்லனின் கையாட்களாகக் காட்டியிருக்கினம். ரோமா மக்கள் மீதான பழைய இழிவுதான் அது. விமர்சனம் வந்தபிறகு, திருத்துவதாக 2020இல் பதிப்பாளரே அறிவித்தார்கள்.

பழசும் சுத்தமில்லை. ஒரு இனமே கெட்டது எண்டுதான் அதுவும் தொடங்குது. ஆனால் அந்தக் குட்டிகள், தொடங்கின இடத்திலேயே எங்களை நிப்பாட்டி யோசிக்க வைக்குது. கதை எவ்வளவு நல்லாயிருந்தாலும், ஒரு கூட்டத்தையே வெட்டச் சொல்லிப் புத்தகம் கையில் தந்தால், "குட்டிகளை என்ன செய்யப் போறம்?" எண்டு கேட்க மேசையில் ஒரு ஆளாவது இருக்க வேணும்.