பேரனின் கத்தி

கத்தி என்றதும் நம் வீடுகளிலே முதலில் எழும் குரல் "தொடாதே" என்பதுதான். நாமும் அக்குரலைக் கேட்டே வளர்ந்தோம். ஏழு வயதில், பாட்டியார் பெட்டி இழைக்க ஓலை வார்ந்துகொண்டிருந்த சத்தகத்தை அவர் எழுந்து சென்ற வேளை எடுத்துப் பார்த்தோம். விரலில் ஒரு வெட்டும் முதுகில் நாலு அடியும் கிடைத்தன. அதன்பின் மாம்பழம் சீவுவதற்கு அப்பால் நமக்கும் கத்திக்கும் யாதொரு தொடர்பும் இருந்ததில்லை.

சென்ற ஆண்டு புரட்டாதி மாதத்தில் நோர்வேயின் தலைநகராகிய ஒஸ்லோவில் நம் மகன் வீட்டிலே தங்கியிருந்தபோது இந்தப் பழைய கதை நினைவுக்கு வந்தது. ஒன்பது வயதுப் பேரனுக்காக ஒரு புதுக் கத்தி வாங்கி ஒளித்து வைத்திருந்தான் மகன். முனை மழுங்கிய சிறுவர் கத்தி ஒன்று அவனிடம் முன்னரே உண்டு. இதுவோ கூர்முனை உடையது. "நாளைக்குக் காட்டிலே நீங்கள் பாவித்துப் பாருங்கோ, அப்பா. நீங்கள் சரியென்றால் பிள்ளையிடம் கொடுப்பம்" என்றான். தீர்ப்பு நம்மிடம் விடப்பட்டது. நீதிபதியின் தகுதியை எவரும் விசாரிக்கவில்லை.

கத்தி சுவீடன் நாட்டு மோரா என்னும் ஊரில் ஆனது. பல நூற்றாண்டுகளாகக் கத்தித் தொழில் நடக்கும் அவ்வூரிலே 1891இல் தொழிற்சாலையும் எழுந்தது. பேனாக்கத்தியைப் போல் இது மடியாது. பாளைக்கத்தியைப் போல அலகும் பிடியும் நிலையாகப் பொருந்தியது. இடுப்பில் மாட்டக் கூடும் உண்டு. அலகு 10 சென்ரிமீற்றருக்குச் சற்றே அதிக நீளம். தடிப்பு இரண்டரை மில்லிமீற்றர். அதன் இரு புறமும் ஒரே சரிவாக இறங்கி விளிம்பிலே கூடுகின்றன. ஆதலால் தீட்டும்போது அச்சரிவைக் கல்லிற் படிய வைத்துத் தேய்த்தாற் போதும். கோணத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை. காபன் உருக்காதலின் எளிதிற் கூராகும். ஈரம் பட்டால் எளிதிற் துருவும் பிடிக்கும். இந்தப் பின்னதை மகன் சொல்லவே செய்தான். நாம்தான் கவனிக்கவில்லை.

மறுநாட் காலை நகர ரயிலேறி, ஏறத்தாழ 470 மீற்றர் உயரத்திலுள்ள கடைசி நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்தே நூர்மார்க்கா எனும் பெருங்காடு தொடங்குகிறது. நியாயமான காரணமின்றிப் பொதுவிடத்திற் கத்தி கொண்டு திரிவது அந்நாட்டிற் குற்றம். காட்டுக்குப் போவது நியாயமான காரணமே என்றாலும், ரயிலில் அது பையின் அடியிலேயே கிடந்தது. காட்டிலே நடப்பதற்கோ எவருடைய அனுமதியும் வேண்டாம். திறந்த வெளியிலே யாவரும் உலாவலாம் என்ற பழைய வழக்கத்தை 1957இல் சட்டமாகவே ஆக்கிவிட்டனர்.

தூறல் விழுந்துகொண்டிருந்தது. ஊசியிலை மரங்களின் கருமைக்கிடையே பூர்ச்ச மரங்கள் மஞ்சளாய் நின்றன. வடஇந்தியாவில் முன்னோர் ஏடெழுதிய பூர்ச்சப்பட்டை இம்மரத்தின் இனத்தது. ஓலையில் எழுதிய நமக்கு அது ஒருவகை உறவு என்று பேரனிடம் சொன்னோம். அவன் மரியாதையாகக் கேட்டுவிட்டு, விழுந்து கிடந்த மரமொன்றைக் காட்டி, "அப்பப்பா, பட்டை இதிலேதான் எடுக்கலாம். நிக்கிற மரத்திலே உரிச்சா அதுக்குக் காயம்" என்றான்.

ஓர் ஏரிக்கரையில் கல்லடுக்கிய அடுப்பொன்று இருந்தது. சித்திரை 15 முதல் செப்ரெம்பர் 15 வரை என்று சொல்ல வாயெடுத்து, பேரன் திருத்தியதால் ஏப்ரில் 15 என்று எழுதுகிறோம்: அவ்விடைக்காலத்திற் காட்டிலே தீமூட்டுவதற்குத் தடை. நாம் சென்றது அதற்குப் பின்.

ஈர விறகைப் பற்றவைக்க ஒரு வழி உண்டு. காய்ந்த தடியைப் பிளந்து, உள்ளேயுள்ள உலர்ந்த பகுதியை மெல்லிய சுருள்களாகச் சீவி, அவற்றை அறுத்துவிடாமல் தடியிலேயே விடவேண்டும். கத்தியின் தரத்தை அறிவதற்கு இதைவிட நல்ல பரீட்சை இல்லையாம். நாம் தொடங்கினோம். முதற் சுருள் உரிந்து வளைந்தபோது உண்டான மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! கத்தி தானே மரத்தினுள் வழி கண்டு சென்றது. பத்துச் சுருள்கள் ஆயின.

"அப்பப்பா, இருந்துகொண்டு வெட்டவேணும். உங்கட விரல் முன்னுக்கு நிக்குது" என்றான் பேரன்.

நாம் சிரித்தோம். அடுத்த இழுப்பில் ஒரு கணு தடுத்தது. பலங்கொண்டு அழுத்தினோம். அலகு துள்ளி நம் இடக்கைப் பெருவிரலிற் பாய்ந்தது.

மகன் ஓடிவருமுன் பேரன் வந்துவிட்டான். அழவுமில்லை, கூவவுமில்லை. துணியால் அழுத்தினான், கையை உயர்த்திப் பிடிக்கச் சொன்னான், தன் பையிலிருந்தே பிளாஸ்ரர் எடுத்து ஒட்டினான். இவற்றை அவன் பாலர் பாடசாலையிலேயே கற்றானாம். அங்கே சிறு பிள்ளைகளை அருகிருத்தித் தடி சீவப் பழக்குகிறார்கள். நமக்கு முதுகில் விழுந்த நாலு அடிக்கும் அதற்கும் இடையிலுள்ள தூரத்தை எண்ணியபடி ஒரு கல்லின்மேல் உட்கார்ந்திருந்தோம். விரல் வலித்தது, அதைவிட வேறொன்று அதிகமாய் வலித்தது.

பின்னர் கத்தியை அவனிடம் நீட்டினோம். அவன் வாங்கவில்லை.

"கூட்டிலே போட்டுத் தாங்கோ."

போட்டுக் கொடுத்தோம். அவன் ஒரு மரக்குற்றியில் அமர்ந்து, கையெட்டும் தூரத்தில் எவருமில்லை என்று சுற்றிப் பார்த்தபின் உருவினான். நம்முடைய அரைகுறைத் தடியை அவனே முடித்தான். பூர்ச்சப்பட்டை மழையிலும் எண்ணெய்த்திரி போலப் பற்றியது, சுருள்கள் பிடித்துக்கொண்டன, தேநீர் கொதித்தது. மகன் நம் முகத்தைப் பார்த்தான். தலையசைத்தோம்.

மறுநாட் காலை அலகிலே செம்புள்ளிகள் கண்டான் பேரன். இரத்தத்தைக் கழுவிய நாம் துடையாமலே கூட்டிற் செருகியிருந்தோம். குற்றஞ் சாட்டாமல் எண்ணெயும் துணியும் கொண்டுவந்து நமக்கருகில் அமர்ந்தான். இருவருமாகத் தேய்த்துக்கொண்டிருக்கையில் யாழ்ப்பாணத்திலிருந்து இல்லாள் தொலைபேசியில் அழைத்தாள். கத்திச் செய்தி எப்படியோ அவளுக்கு எட்டியிருந்தது.

"பிள்ளை கையை வெட்டிக்கொண்டானோ?"

"இல்லை" என்றோம். அது முற்றிலும் உண்மை.