வகை வினவுதல்

1991-ஆம் ஆண்டில் குவிடோ வான் ராசம் வெளியிட்ட பைத்தான் என்னும் கணினி மொழியில் பெயருக்கு வகை இல்லை. அப்பெயர் சுட்டும் பொருளுக்கே வகை உண்டு. ஆதலின், நிரல் ஓடுங்காற்றான் வகையை வினவுதல் கூடும். அதற்குக் கருவி இரண்டு உள. டைப் என்பது பொருளின் நேர்வகையை மட்டும் கூறும். ஐசின்ஸ்டன்ஸ் என்பதோ அதன் மரபு முழுதும் ஆராய்ந்து விடை தரும். கிளைவகைகளையும் தள்ளாது ஏற்றலின் பின்னதே சிறந்ததென்பர் பலர். யாமும் பெரும்பாலும் உடன்படுவோம். ஆயினும் ஓரிடத்து உடன்படோம்.

2003-இல் வெளிவந்த 2.3-ஆம் பதிப்பில் மெய்ம்மை பொய்ம்மைகளைக் குறிக்கும் பூல் என்னும் வகை, இன்ட் என்னும் முழுவெண் வகையின் கிளையாகவே அமைந்தது. ஆகவே, ட்ரூ என்பது முழுவெண்ணோ என வினவின், ஐசின்ஸ்டன்ஸ் ஆம் என்றே விடை கூறும். மாணவன் ஒருவனுக்கு 60 என்று இருக்கவேண்டிய இடத்தில், தேர்வுக்கு வந்தான் என்பதைக் குறிக்கும் ட்ரூ தவறிப் புகுமாயின், கூட்டலில் அஃது 1 ஆகவே நிற்கும். அவன் தோற்பான், நிரலோ பிழையென ஒரு சொல்லும் உரையாது. (டைப் கொண்டு வினவியிருப்பின் அப்போதே அகப்பட்டிருக்கும்!)

எனவே, வெளியிலிருந்து தரவு புகும் வாயிலில் பூல் வகையை முதற்கண் விலக்கிய பின்னரே முழுவெண்ணோ என வினவுதல் வேண்டும். வாயில் கடந்தபின்னும் அடிதோறும் நிறுத்தி வகை வினவும் வழக்கத்தை யாம் விரும்புகிலேம். ஏவிய தொழிலைப் பொருள் செய்யுமாயின் ஆண்டு அதுவே போதும்.