ஒரே ஏரிக்குப் பத்து முறை

கோடை விடுமுறை தொடங்கினால் நீலகிரி மலைப்பாதையில் வண்டிகள் நகர முடியாமல் நிற்பது ஆண்டுதோறும் செய்தியாகிறது. 2024 மே மாதம் முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அடுத்த கோடையில் நீலகிரிக்குச் செல்லும் வண்டிகளுக்கு வார நாளில் 6,000, வார இறுதியில் 8,000 என்று உச்சவரம்பும் வந்தது. இயற்கையோடு நேரம் செலவிட்டால் சுற்றுச்சூழல் அக்கறை தானாக வந்துவிடும் என்று நம்புகிறவர்கள் இந்த வரிசையைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். மலையை ரசிக்கப் போகும் கூட்டத்திடமிருந்தே மலையைக் காப்பாற்ற நீதிமன்றம் தலையிட வேண்டியிருக்கிறது. அதற்காக, வெளியே போவதால் ஒரு பயனும் இல்லை என்று முடிவுகட்டுவதும் அவசரம். ஒரே இடத்துக்கு எத்தனை முறை திரும்பத் திரும்பப் போகிறோம் என்பதைப் பொறுத்தே அக்கறை வளர்கிறது என்பது என் கட்சி. அந்த இடம் அழகாக இருக்க வேண்டும் என்றுகூட இல்லை.

சுற்றுச்சூழல் கேடு பெரும்பாலும் ஒரே நாளில் நடப்பதில்லை. ஏரிக்கரை கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே நகரும், தண்ணீர் கறுக்கும், வந்துகொண்டிருந்த ஒரு பறவை ஓர் ஆண்டு வராமல் போகும். முன்பு எப்படி இருந்தது என்று அறியாதவர் கண்ணுக்கு அங்கே எந்த இழப்பும் படாது. மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி 1995இல் தன் துறையை வைத்தே இதை எழுதினார்: ஒவ்வொரு தலைமுறை ஆய்வாளரும் தான் வேலைக்கு வந்தபோது கடலில் இருந்த மீன்வளத்தையே இயல்பான அளவாக எடுத்துக்கொள்கிறார், அதனால் மொத்தச் சரிவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை. ஆய்வாளர்கள் கதையே இப்படி என்றால் நம் கதையைச் சொல்ல வேண்டாம். சென்னையின் துரைப்பாக்கம்–பல்லாவரம் ரேடியல் சாலையில் பேருந்தில் போகிறவர் பள்ளிக்கரணைச் சதுப்புநிலத்தில் தண்ணீரையும் நாலு நாரைகளையும் பார்த்துவிட்டு, பரவாயில்லை, நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைப்பார். 2022இல், சர்வதேச முக்கியத்துவம் உள்ள சதுப்புநிலம் என்ற ராம்சர் தகுதி பெற்ற பரப்பு சுமார் 1,248 ஹெக்டேர். ஒரு காலத்துச் சதுப்பு அதைப்போலப் பல மடங்கு விரிந்து கிடந்தது. பெருங்குடிக் குப்பைமேடு நிற்பதும் அந்தச் சதுப்பின் மேல்தான். ஒரு முறை பார்த்தவருக்கு இது எப்படித் தெரியும்?

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கமும் சென்னையிலேயே இருக்கிறது. நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடைப்பட்ட கடற்கரையில் மாணவர்களும் தன்னார்வலர்களும் 1980களின் பிற்பகுதியிலிருந்து ஆண்டுதோறும் ஜனவரி தொடங்கி இரவில் நடக்கிறார்கள். முட்டையிட வரும் பங்குனி ஆமையின் கூட்டைக் கண்டுபிடித்து, நாய் தோண்டுவதற்குள் முட்டைகளைப் பொரிப்பகத்துக்குக் கொண்டுபோவதுதான் வேலை. டிராக்டர் டயர் உருண்டதுபோல ஈர மணலில் ஒரு தடம் மேலேறும், பிறகு வளைந்து கடலுக்கே இறங்கும். வளையும் இடத்தில் குச்சியால் மெதுவாகக் குத்திப் பார்ப்பார்கள். இறுகிய மணலில் முட்டி நிற்கும் குச்சி, கூட்டுக்கு மேலே சட்டென்று உள்ளே இறங்கிவிடும். அடியில் நூறு முட்டைக்கு மேல் இருக்கும். அவற்றைப் பொரிப்பகத்தில் புதைத்துவிட்டு ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். வெளிவரும் குஞ்சு, வெளிச்சமான திசையையே கடல் என்று நம்பும். பாடப்புத்தகத்தில் ஒளி மாசுக்குக் கிடைப்பது ஒரு வரி; சாலைப் பக்கம் ஊர்ந்த குஞ்சைத் திருப்பி விட்டவருக்கோ எந்தத் தெருவின் எந்த விளக்கு என்பது தெரியும். 2025 ஜனவரியில் நூற்றுக்கணக்கில் ஆமைகள் செத்து ஒதுங்கியபோது, இது வழக்கமான சாவு இல்லை என்று உடனே சொல்ல முடிந்ததற்குக் காரணம், செத்தவற்றையும் ஆண்டுக்காண்டு எண்ணிவைத்த நடையாளர்கள் இருந்ததுதான். தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாக முன்வந்து விசாரித்தது. ஆமைகள் வலையில் சிக்கிச் சாவதால், கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் இழுவைமடிப் படகுகள் வரக் கூடாது என்ற பழைய விதிக்கு மறுபடி உயிர் வந்தது.

ஏற்கெனவே அக்கறை உள்ளவர்கள்தானே ராத்திரியில் கடற்கரைக்கு நடக்கப் போவார்கள், இதில் காரணம் எது, விளைவு எது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நான்சி வெல்ஸ், கிறிஸ்டி லெக்கீஸ் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க நகரவாசிகள் 2,000 பேரைப் பற்றிய தரவுகளை அலசினார்கள். 11 வயதுக்கு முன் காட்டிலும் மேட்டிலும் தம் போக்கில் திரிந்தவர்களிடம் பெரியவர்களான பிறகும் சுற்றுச்சூழல் அக்கறை கூடுதலாக இருந்தது. செடி வளர்த்ததன் தாக்கம் அதைவிடக் குறைவு. ஆனால் இது நினைவிலிருந்து சொன்ன பதில்களைக் கொண்ட ஆய்வு. இதை மட்டும் வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். எனக்கு இதைவிட வலுவாகப் படுவது 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிந்த 3 கோடி குறிப்புகளிலிருந்து அது உருவானது. நீண்டகாலப் போக்கைக் கணிக்க முடிந்த 338 இனங்களில் 60 சதவீதம் குறைந்துவருவதாக அது சொல்கிறது. இந்தக் குறிப்புகளை எழுதியவர்களில் பெரும்பாலோர் விஞ்ஞானிகள் இல்லை. முதலில் அக்கறை வந்ததோ பழக்கம் வந்ததோ, திரும்பத் திரும்பப் பார்த்தவர்கள் இல்லாவிட்டால் இந்தச் சரிவு நாட்டுக்கே தெரிந்திருக்காது.

இதைவிடக் கடினமான மறுப்பு ஒன்று உண்டு. கடலிலேயே வாழ்கிறவர்களின் வலையில்தானே ஆமை சாகிறது? இழுவைமடி ஓட்டுகிறவருக்குக் கடலைப் பற்றி நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. டீசல் விலையும் வட்டியும் அவரைக் கரையோரம் தள்ளுகின்றன. அங்கே தேவை சட்டமும் அதை நடத்திக்காட்டும் அரசும். விழிப்புணர்வு சட்டத்துக்கு மாற்றாகாது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிழைப்பு எப்போதும் எதிர்ப்பக்கமே நிற்கும் என்றும் இல்லை. 1790களில் ஆங்கிலேயச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது வேடந்தாங்கல் ஊரார் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்பு உரிமை வாங்கினார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீரில் பயிர் செழிப்பதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்கள் அவர்கள். லாபத்துக்காகத்தான் காத்தார்கள் என்று சொல்லிக்கொள்ளுங்கள்; அந்த லாபத்தைக் கண்டுபிடிக்க ஏரிக்கரையில் வாழ்ந்திருக்க வேண்டும்.

சுற்றுச்சூழல் கல்வியைக் கட்டாயமாக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 1991இல், எம்.சி. மேத்தா வழக்கில். 2001இல் பள்ளிகளில் தேசிய பசுமைப் படை மன்றங்களும் தொடங்கின. பாடம் வந்தது, மன்றம் வந்தது, ஜூன் 5 அன்று மரக்கன்றோடு படமும் வருகிறது. ஆண்டுக்கொரு சுற்றுலாவுக்கு ஆகும் செலவில் ஒரு பகுதிகூட ஆகாத வேறு வேலை உண்டு: பள்ளிக்கு நடந்துபோகும் தூரத்தில் உள்ள ஏரிக்கோ குளத்துக்கோ ஆற்றுக்கோ, ஒரே வகுப்பை மாதம் ஒரு முறை கூட்டிப்போவது. போர்ஷன் முடியாது என்பார்கள். மாதத்தில் இரண்டு பீரியட்தான் கேட்கிறேன். பாதுகாப்பு பற்றிய பயம் உண்மையானது, தண்ணீரில் இறங்கக் கூடாது என்பதும் துணைக்கு இரண்டு பெரியவர்கள் வேண்டும் என்பதும் கண்டிப்பாக இருக்க வேண்டும். பக்கத்து ஏரி சாக்கடையாகக் கிடக்கிறதே என்றால், அந்தச் சாக்கடை எந்த வாய்க்கால் வழியாக வருகிறது, எந்த மாதம் ஆகாயத்தாமரை மூடுகிறது, அதற்குப் பிறகு முக்குளிப்பான் எங்கே போகிறது என்று ஒரு நோட்டில் எழுதட்டும். அடுத்த ஆண்டு வரும் வகுப்பு அதே நோட்டில் தொடரட்டும். இதற்குச் சுற்றறிக்கை எதுவும் தேவையில்லை. போய்வந்ததைப் படம் பிடித்து எமிஸ் தளத்தில் ஏற்றுங்கள் என்று மட்டும் கல்வித் துறை கேட்காமல் இருந்தால், பல ஆசிரியர்கள் நாளைக்கே கிளம்பிவிடுவார்கள்.