கணக்குக்குக் காசா?

சித்திரை பிறந்தால் நம் ஜனங்கள் காசு கொடுத்துப் பஞ்சாங்கம் வாங்குகிறார்கள். ஒவ்வொரு ராசிக்காரனுக்கும் அந்த வருஷம் ஆதாயம் இவ்வளவு, விரயம் இவ்வளவு என்று அதில் இலக்கம் போட்டிருக்கிறது. ஒரே ராசியில் பிறந்துவிட்டால், மில் முதலாளிக்கும் அந்த மில்லைக் கூட்டுகிறவளுக்கும் ஆதாயம் ஒன்றேதான்! இதை எவன் எண்ணினான், எங்கே எண்ணினான் என்று கேட்பாரில்லை. ஆனால் இந்திய தேசத்தின் ஆதாய விரயத்தை, மெய்யாக எண்ணி எடுத்த கணக்குகளைக் கொண்டு விளக்கி வாரம் ஒரு மடல் வெளியிட உத்தேசித்திருக்கிறோம், அதற்குச் சந்தா உண்டு என்று நாம் சொன்னவுடன், "கணக்குக்குக் காசா?" என்று நண்பர்கள் அநேகர் ஆச்சரியப்படுகிறார்கள். ஆகவே நமது சமாதானத்தைச் சொல்ல வேண்டியதாயிற்று.

முதலாவது, இந்த மடல் எதற்கு? தேசம் உயர்ந்துவிட்டது என்று ஒரு மேடையிலும், பாழாய்ப் போயிற்று என்று மற்றொரு மேடையிலும் பேசுகிறார்கள். இருவரும் இலக்கம் சொல்லித்தான் பேசுகிறார்கள். பத்து வீடுள்ள ஒரு ஊரில் ஒரு வீட்டுக்கு மாதம் 91,000 ரூபாயும், மற்ற ஒன்பது வீடுகளுக்கு ஆளுக்கு 1,000 ரூபாயும் வருமானம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி வீட்டுக்கு 10,000 ரூபாய்! சொன்னது பொய்யல்ல, ஆனால் அந்தப் பத்தாயிரம் எந்த வீட்டு அடுப்பில் வெந்தது? இந்தியாவும் அப்படியே. மொத்த வருமானத்தைப் பார்த்தால் உலகத்தின் பெரிய பொருளாதாரங்களில் ஒன்று. தலைக்கு வகுத்தால் நூறு நாடுகளுக்கும் பின்னால். 2023-24ம் வருஷத்துச் சர்க்கார் கணக்குப்படி, வேலை செய்வோரில் 100க்கு 46 பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். தேசத்தின் வருமானத்தில் விவசாயத்தின் பங்கோ 100க்குச் சுமார் 18 தான். இந்த இரண்டு இலக்கங்களைச் சேர்த்து வைத்துப் பார்த்தவனை எந்த மேடையும் சுலபத்தில் ஏமாற்ற முடியாது.

தாதாபாய் நௌரோஜி செய்தது இதுதான். 1867-68க்கு இந்தியனுடைய தலை வருமானம் வருஷத்துக்கு 20 ரூபாய் என்று கணக்கிட்டார். சர்க்காரின் சொந்தப் புள்ளிகளையே எடுத்து, சிறைக் கைதியைக் காப்பாற்ற ஆகும் செலவோடு அதை ஒப்பிட்டுக் காட்டினார். கூச்சலுக்குப் பதில் சொல்லத் தெரிந்த சர்க்காருக்கு அந்தக் கணக்குக்குப் பதில் சொல்லுவது கஷ்டமாயிருந்தது.

எண்ணாமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் கவனியுங்கள். 1881 முதல் பத்து வருஷத்துக்கு ஒரு முறை தவறாமல் எடுத்த ஜனத்தொகைக் கணக்கு 2011க்குப் பிறகு 2021ல் எடுக்கப்படவில்லை. 2027 மார்ச் 1ம் தேதியை ஆதாரமாக வைத்து எடுப்பதாக 2025ல்தான் அறிவித்தார்கள். 2013ம் வருஷத்து உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி மலிவு தானியத்துக்கு உரியவர்கள் சுமார் 81 கோடி என்பது 2011ம் வருஷத்துத் தலைகளை எண்ணி வந்த இலக்கம். பிறகு ஜனங்கள் பெருகினார்கள், இலக்கம் பெருகவில்லை. எண்ணப்படாதவன் வயிறு மட்டும் பசிக்காமல் இருக்குமா? 2017-18ல் குடும்பச் செலவை விசாரித்து எடுத்த கணக்கைக் குறையுள்ளதென்று சொல்லி 2019ல் வெளியிடாமல் விட்டார்கள். குறையிருந்தால் குறையோடு காட்டுவதல்லவா யோக்கியம்? ஜாதி வாரியாக எல்லோரையும் எண்ணி முழுதும் வெளியிட்ட கணக்கு 1931க்குப் பிறகு கிடையாது. பிற்பட்டோர் இத்தனை பேர் என்று மண்டல் கமிஷன் சொன்னதும் அந்தப் பழைய கணக்கை வைத்தே.

நிற்க, காசு விஷயத்துக்கு வருவோம். "சர்க்கார் இனாமாக வெளியிடும் கணக்குக்கு உமக்கேன் சந்தா?" என்கிறார்கள். களத்து நெல் உங்களுடையதே. குத்திப் புடைத்து அரிசியாக்குகிறவளுக்குக் கூலி உண்டா இல்லையா? பழைய கணக்கையும் புதிய கணக்கையும் பக்கத்தில் வைத்து, இடையில் அளவுகோலை மாற்றியிருக்கிறார்களா என்று பார்த்துச் சொல்லுவது நாட்கணக்கான வேலை. அந்தக் கூலியை வாசகர் கொடாவிட்டால் விளம்பரக்காரர் கொடுப்பார். அப்புறம் அவர் மனம் கோணாத கணக்கே உங்களுக்கு வந்து சேரும்.

"அப்படியானால் ஏழை எப்படிப் படிப்பான்?" என்ற கேள்வி நியாயமானது, நம்மையும் உறுத்துகிற கேள்விதான். ஆகவே, பத்துப் பேர் சேர்ந்து ஒரு சந்தா கட்டி, வாசகசாலையிலோ டீக்கடையிலோ ஒருவர் உரக்கப் படித்தால் நமக்கு ஆட்சேபணை இல்லை, சந்தோஷமே. நாம் எடுத்தாளும் அட்டவணைகளையும் அவை கிடைத்த இடத்தையும் இனாமாகவே கொடுப்போம். சந்தா விளக்கத்துக்கு மாத்திரந்தான்.

தோழர்களே! நாம் பெரிய பரீட்சை தேறியவர்கள் அல்ல. கடையில் பேரேடு எழுதிக் கணக்குப் படித்தவர்கள். தவறுவோம். தவறியதை எந்தப் பக்கத்தில் தவறினோமோ அதே பக்கத்தில், அதே பெரிய எழுத்தில் ஒப்புக்கொள்ளுவோம். நாம் சொல்லுவதாலேயே எதையும் நம்பிவிடாதீர்கள். பென்சிலை எடுத்து நீங்களே கூட்டிப் பாருங்கள். கூட்டினால் சரியாய் வராவிட்டால் எழுதிக் கேளுங்கள். நமது பதிலும் சரியாய் இல்லையென்று தோன்றினால் சந்தாவை நிறுத்திவிடுங்கள். இந்தத் தைரியத்தோடு பேச எந்தப் பஞ்சாங்கக்காரராவது முன்வருவாரா?