கட்டிலுக்கு முன் கூடத்தை அளப்போம்



பத்தடிக்குப் பத்தடி அறையொன்றில் ஆறடி அகலமும் ஆறரை அடி நீளமும் உள்ள கட்டிலைப் போட்டால், 100 சதுர அடியில் 39 அதற்கே போய்விடுகிறது. பீரோவையும் கதவு திறக்கும் இடத்தையும் கழித்த பின்னர் எஞ்சுவதில் இருவர் தோளோடு தோள் சேர்த்துத் தொழுவது கடினம். கடலூர் செம்மண்டலத்தில் நாங்கள் வாடகைக்குக் குடியிருக்கும் வீட்டின் கணக்கு இது. ஒரு கூடம், ஓர் அறை, ஓர் அடுப்பங்கரை. அதில் நாங்கள் இருவர், முழங்கால் வலியுள்ள எங்கள் தாயார், பன்னிரண்டு வயது மகன், பத்து வயது மகள். தலைமாட்டில் கொடியும் பூவும் செதுக்கிய அந்தத் தேக்குக் கட்டில் திருமணச் சீராக வந்தது. அறையை அது ஆண்டது. கூடத்தில் மற்ற மூவரும் பாய் விரித்துப் படுத்தார்கள்.

நம் முன்னோருக்கு இந்தத் தொல்லை இல்லை. பாயைச் சுருட்டி மூலையில் சாத்திவிட்டால் படுக்கையறை மீண்டும் கூடமாகிவிடும். உலகின் மிகச் சிறந்த மடக்குப் படுக்கை எதுவெனக் கேட்டால் கோரைப் பாய் என்றே சொல்வோம். நம்மைப் ‘பாய்’ என்று அழைப்போர் அதை வைத்துச் செய்யும் கேலி ஒருபுறம் இருக்கட்டும். பத்தமடையில் பட்டுப்போல் மெல்லிய பாய்களைத் தலைமுறைகளாக நெய்து வருவோர் நம் லெப்பைக் குடும்பத்தாரே. மணமக்கள் பெயரை நெய்த பாயைத் திருமணத்துக்குக் கொடுக்கும் வழக்கமும் அங்கிருந்து வந்ததுதான். சீர் என்றால் அப்படியும் இருக்கலாம்! நபி (ஸல்) அவர்களின் படுக்கை பேரீச்சை நார் திணித்த தோல் என்பதை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். ஆயினும் பாயே போதும் என்று வாதிட நாம் முன்வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் கசியும் தரையில் முதியவரைப் படுக்கவைத்துவிட்டு எளிமையைப் பற்றிப் பேசுவது முறையாகாது. தரையிலிருந்து எழ இயலாமல் நள்ளிரவில் பேரனைத் தட்டி எழுப்பிய தாயாரை எங்கள் வீட்டிலேயே கண்டோம்.

பிள்ளைகள் பத்து வயதை எட்டியதும் அவர்களின் படுக்கைகளைப் பிரித்துவிடுமாறு கூறும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. ஃபஜ்ருக்கு முன்பும், நண்பகல் ஓய்விலும், இஷாவுக்குப் பின்பும் பிள்ளைகள் அனுமதி கேட்டே உள்ளே வரவேண்டும் என அந்நூர் அத்தியாயம் கற்பிக்கிறது. அனுமதி கேட்பதற்கு ஒரு கதவு வேண்டாமா? பரங்கிப்பேட்டையிலும் லால்பேட்டையிலும் முற்றமும் திண்ணையுமாக இருந்த பழைய வீடுகள் பாகம் பிரிந்து ஆளுக்கு ஓர் அறையாகி வருகின்றன. அரசின் பசுமை வீடு 300 சதுர அடி. கலைஞர் கனவு இல்லம் 360. இவற்றுக்குள்ளேதான் அந்தக் கதவையும், பிரிக்க வேண்டிய படுக்கைகளையும் நாம் கண்டடைய வேண்டும். ஆகவே மடக்குக் கட்டிலை நாம் ஆடம்பரமாகக் கருதவில்லை. இடம் மாறிப் போடுவதே நாம் காணும் பிழை. பலர் அதைப் படுக்கையறைக்கு வாங்குகிறார்கள். கதவுள்ள அறையில் படுக்கை நாள் முழுதும் விரிந்தே இருந்தால் யாருக்கு என்ன நட்டம்? பகலில் விருந்தினரும் இரவில் பிள்ளைகளும் புழங்கும் கூடத்துக்குத்தான் அது தேவை.

சுவரோடு நிமிர்ந்து மறையும் கட்டிலுக்கு ‘மர்பி கட்டில்’ என்றொரு பெயருண்டு. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் சான் பிரான்சிஸ்கோவில் ஒற்றை அறையில் வாழ்ந்த வில்லியம் லாரன்ஸ் மர்பி என்பவர் உருவாக்கியது. அப்பெயர் பொதுச்சொல்லாகிவிட்டது என்று 1989-இல் அமெரிக்க நீதிமன்றமே தீர்ப்பளிக்கும் அளவுக்குப் பரவியது. கட்டிலின் எடையைச் சுருள்வில்லோ வாயு அடைத்த தண்டோ தாங்கிக்கொள்வதால் சிறு விசையிலேயே தூக்கி நிறுத்த முடிகிறது. தலைப்பக்கம் சுவரில் நிற்குமாறு மடிவது ஒருவகை. விரித்தால் ஆறரை அடி கூடத்துக்குள் நீளும். பக்கவாட்டில் மடியும் ஒற்றைக் கட்டிலோ மூன்று நான்கு அடியோடு நின்றுவிடும். நம் ஒடுங்கிய கூடங்களுக்கு இரண்டாவதே ஏற்றது.

விற்பவர்கள் அழகைச் சொல்வார்கள்; சுவரைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். இக்கட்டில் நிற்பதும் விழுவதும் சுவரைப் பொறுத்தது. நாலரை அங்குலத் தடுப்புச் சுவரை நம்பாதீர்கள். ஒன்பது அங்குலச் செங்கற்சுவரில் ஆழமாக போல்ட் இறக்க வேண்டும். வாடகை வீடென்றால் உரிமையாளரிடம் முன்னதாகவே அனுமதி பெறுங்கள். அமெரிக்காவில் சுவரிலிருந்து பெயர்ந்து விழும் அபாயம் காரணமாகச் சுமார் 1,29,000 மடக்குக் கட்டில்கள் 2022-இல் திரும்பப் பெறப்பட்டன. அவற்றுள் ஒன்று விழுந்து காயமுற்ற மூதாட்டி ஒருவர் பின்னர் இறந்தும் போனார். சிறு பிள்ளைகளைத் தாமாகத் திறக்க விடாதீர்கள்.

அடுத்தது மரம். எங்கள் உறவினர் ஒருவர் விலை மலிவென்று மரத்தூள் பலகையில் செய்த கட்டிலை வாங்கினார். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலை அடுத்துத் தென்பெண்ணை பெருகிக் கடலூருக்குள் புகுந்தபோது அவர் வீட்டில் முழங்காலளவு நீர் இரண்டு நாள் நின்றது. நீர் வடிந்தபின் கட்டிலின் அடிப்பலகை ஊறிய ரஸ்க் போல உதிர்ந்தது. 2011-இல் தானே, 2015-இல் பெருமழை என்று வாழும் ஊர் நம்முடையது. நீர் தாங்கும் பிளைவுட் அல்லது இரும்புச் சட்டம் கேளுங்கள்; கடற்காற்றில் துருப்பிடிக்காமலிருக்க இரும்புக்கு நல்ல பூச்சும் கேளுங்கள். மெத்தை ஐந்து அங்குலத்துக்கு மேல் வேண்டாம். இலவம்பஞ்சு மெத்தையை நிமிர்த்தி வைத்தால் பஞ்சு ஒருபுறம் சரிந்து திரளும். மழைக்காலத்தில் மூடியே வைத்தால் பூசண நாற்றம் ஏறும். வெயில் கண்டபோதெல்லாம் காயவைக்க வேண்டும்.

முதியோருக்கு மடக்குக் கட்டில் கூடவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து. தஹஜ்ஜுத்துக்கோ கழிப்பறைக்கோ எழுபவர் எவரையும் எதிர்பார்க்காமல் எழ வேண்டும். நகலில் ஓய்வெடுக்க நினைத்தால் கட்டிலை விரித்துத் தரும்படி மருமகளிடம் கேட்கும் நிலையும் அவர்களுக்கு வேண்டாம். எங்கள் தாயாருக்குக் கூடத்தின் ஓரமாக மூன்றடி அகலத்தில், காலூன்றி எழத்தக்க உயரத்தில் நிலையான கட்டில் போட்டோம். பகலில் அதுவே திவான். அதனடியிலிருந்து இழுக்கும் தாழ்ந்த கட்டில் மகளுக்கு. எதிர்ச்சுவரில் பக்கவாட்டில் மடிவது மகனுக்கு. வாங்குவதற்கு முன் தரையில் சாக்பீசால் மூன்று கட்டில்களையும் விரித்த அளவில் வரைந்து, ஒரு நாள் முழுக்க அக்கோடுகளை மிதிக்காமல் நடந்து பார்த்தோம். முதலில் வரைந்தபடி போட்டிருந்தால் கழிப்பறைக்குப் போகும் வழியே அடைபட்டிருக்கும்.

பழைய தேக்குக் கட்டிலின் சேதி மிச்சமிருக்கிறது. பெண் வீட்டாரிடம் கட்டில், பீரோ எதிர்பார்க்கும் வழக்கத்தின் ஈனத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். கட்டிலைத் தேர்பவருக்கு அது கிடக்கப்போகும் அறை தெரியாது என்பதையும் நாம் சேர்த்துச் சொல்கிறோம். மணப்பெண்ணின் தந்தை கடன்பட்டு, ஊர் மெச்சும் அளவில் பெரிதாக வாங்குகிறார். அதன் அகலமே மகளின் வாழ்வறையைச் சுருக்கிவிடுகிறது. மனைவிக்கு உறைவிடம் அமைப்பது கணவனின் கடமையாயிருக்க, அந்த உறைவிடத்தை அளந்து கட்டில் வாங்க வேண்டியவனும் அவனே.

எங்கள் கட்டிலை விருத்தாசலத்தில் பெரிய அறையுள்ள தம்பி வீட்டுக்கு அனுப்பினோம். மாமாவிடம் அதைச் சொல்லத்தான் நெடுநாள் தயங்கினோம். சென்ற மாதம் வந்தவர் அறைக்குள் எட்டிப் பார்த்து, “நான் கொடுத்த கட்டில் எங்கே?” என்றார். சொன்னோம். சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. மஃக்ரிபுக்குக் கூடத்தில் அவரே இமாமாக நிற்க, பின்னால் ஆண்கள் ஒரு வரிசையும் பெண்கள் ஒரு வரிசையுமாக நின்றோம். இரவு உணவுக்குப் பின் பேரன் தன் கட்டிலைச் சுவரிலிருந்து இறக்கி, விரிப்பை உதறிப் போட்டு, “நன்னா, நீங்க இதுல படுங்க” என்றான். அவர் விளிம்பைக் கையால் இரண்டு முறை அழுத்திப் பார்த்துவிட்டுப் படுத்தார். பேரன் பாயை விரித்துக்கொண்டான்.