பாணை நிறுத்திய பின் வந்த 'நெகட்டிவ்'

கனடாவில் இருக்கும் எனது பெறாமகளுக்குக் கடந்த ஆண்டு செலியாக் நோய் உறுதிசெய்யப்பட்டது. அன்றிரவே தொலைபேசியில் அழைத்தாள். "சித்தி, இது குடும்பத்துக்குள்ள வரக்கூடிய வருத்தமாம். அம்மாவுக்கும் ஒருக்கா இரத்தம் பார்க்கச் சொல்லுங்கோ" என்றாள். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அவளது தாய், அதாவது எனது அக்கா, பல ஆண்டுகளாக இரும்புச்சத்துக் குறைபாட்டுக்குக் குளிசை எடுப்பவர். குளிசை எடுத்தால் இரும்பின் அளவு ஏறும், விட்டால் இறங்கும். ஏன் என்று யாரும் தேடியதில்லை.

செய்தி கேட்ட மறுநாளே அக்கா பாணை நிறுத்திவிட்டார். இரண்டரை மாதம் கழித்துத்தான் தனியார் ஆய்வுகூடமொன்றில் இரத்தம் கொடுத்தார். அறிக்கையில் ஒரே ஒரு பரிசோதனை, 'நெகட்டிவ்' என்ற முடிவு. வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. அறிக்கையைப் படமெடுத்து அனுப்பியபோது பெறாமகள் இரண்டு கேள்விகள் கேட்டாள். "அம்மா அப்ப பாண் சாப்பிட்டுக்கொண்டு இருந்தவாவோ? மொத்த ஐஜிஏ எவ்வளவு?"

முதற் கேள்விக்குப் பதில் 'இல்லை'. இரண்டாவது அளக்கப்படவே இல்லை. எங்கள் கையில் இருந்த தாளை வைத்து எதையும் முடிவுசெய்ய முடியாது என்பது அப்போதுதான் விளங்கியது.

கோதுமை, பார்லி, ரை ஆகிய தானியங்களில் குளூட்டன் என்ற புரதம் உண்டு. செலியாக் உள்ளவர் அதைச் சாப்பிடும்போது உடலின் நிர்ப்பீடனத் தொகுதி தனது சொந்தச் சிறுகுடலையே தாக்குகிறது. உணவுச் சத்தை உறிஞ்சும் சடைமுளைகள் தேய்ந்துபோகின்றன. சிலருக்கு வயிற்றோட்டம், எடை குறைதல். வேறு சிலருக்கு வயிற்றில் எந்தக் குறையும் தெரியாது, காரணம் புரியாத குருதிச்சோகை மட்டுமே இருக்கும். கவனிக்காமல் விட்டால் எலும்பு தேயலாம். அரிதாகக் குடலில் புற்றுநோயும் வரலாம்.

நெதர்லாந்தைச் சேர்ந்த குழந்தை மருத்துவர் வில்லெம் டிக்கே, கோதுமைக்கும் இந்த நோய்க்கும் உள்ள தொடர்பை 1950இல் தனது ஆய்வேட்டில் நிறுவினார். 1944–45 பஞ்சத்தில் பாண் கிடைக்காத காலத்தில் இக்குழந்தைகள் தேறியதும் அவர் கண்ட சான்றுகளில் ஒன்று. கோதுமையை நிறுத்தினால் நோய் அடங்கும். இதுவே சிகிச்சை. பரிசோதனைக்கு முன்னர் செய்தால் இதுவே பொறியாகவும் ஆகிவிடுகிறது.

ஏனெனில் முதலில் செய்யப்படும் டிடிஜி-ஐஜிஏ பரிசோதனை, அந்தத் தாக்குதலின்போது உருவாகும் பிறபொருளெதிரியையே அளக்கிறது. குளூட்டன் உள்ளே போகாவிட்டால் அதன் அளவு படிப்படியாக இறங்கி, சில மாதங்களில் சாதாரண நிலைக்கே வந்துவிடலாம். அதனால்தான் பிரித்தானிய வழிகாட்டல், பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரங்கள், நாளொன்றுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வேளைகளில் குளூட்டன் உள்ள உணவைச் சாப்பிடச் சொல்கிறது.

அடுத்தது மொத்த ஐஜிஏ. டிடிஜி-ஐஜிஏ, ஐஜிஏ வகைப் பிறபொருளெதிரிகளில் ஒன்று. செலியாக் நோயாளிகள் நூறு பேரில் இரண்டு மூன்று பேருக்கு ஐஜிஏயே போதிய அளவு உருவாவதில்லை. அவர்களுக்கு நோய் இருந்தும் இந்தப் பரிசோதனை நெகட்டிவ் என்றே வரும். மொத்த ஐஜிஏ குறைவாக இருந்தால் ஐஜிஜி வகைப் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

'பொசிட்டிவ்' என்பதும் இறுதித் தீர்ப்பல்ல. ஈரல் நோய், முதலாம் வகை நீரிழிவு போன்றவற்றிலும் டிடிஜி சற்று உயரலாம். பொதுவாக வளர்ந்தவர்களுக்குக் கமராக் குழாய் மூலம் சிறுகுடலில் சிறு துண்டுகள் எடுத்துப் பார்த்தே உறுதிசெய்வார்கள். சிறுவர்களில் டிடிஜி மேல் எல்லையின் பத்து மடங்கு அல்லது அதற்கு மேல் இருந்து, இரண்டாவது இரத்த மாதிரியில் ஈஎம்ஏ பரிசோதனையும் பொசிட்டிவ் என்றால், 2020இல் வெளியான ஐரோப்பிய வழிகாட்டலின்படி அது இல்லாமலேயே முடிவுக்கு வரலாம். வாழ்நாள் முழுவதும் நீளும் பத்தியத்தை அரைகுறைச் சான்றோடு ஒருவர் தலையில் கட்டக்கூடாது.

இது எங்கள் ஊர் நோயில்லை என்ற எண்ணத்துக்கும் ஓரளவு காரணம் உண்டு. 2016இல் வெளியான இந்திய ஆய்வொன்று வட இந்தியாவில் நூற்றுக்கு ஒருவருக்குச் சற்று மேலாகவும், தென்னிந்தியாவில் ஆயிரத்துக்கு ஏறத்தாழ ஒருவருக்கும் இந்த நோயைக் கண்டது. சோறு உண்ணும் எங்களிடையேயும் அது அரிதாக இருக்கலாம். ஆனால் பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோரில் ஒருவருக்கு உறுதியாகிவிட்டால் அந்தக் கணக்கு மாறிவிடும். அப்படிப்பட்ட நெருங்கிய உறவினரில் பத்துப் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற அளவில் நோய் காணப்படுகிறது.

புலம்பெயர்ந்த பிள்ளைகளின் நோய்ச் செய்தி வாட்ஸ்அப்பில் ஒரு நொடியில் வீட்டுக்கு வந்துவிடுகிறது. "சோதிக்கும்வரை சாப்பாட்டை மாற்றாதீர்கள்" என்ற முக்கியமான வரி மட்டும் வழியில் விடுபட்டுப் போகிறது. அந்த இடைவெளியை 'கோதுமையைக் கைவிடுங்கள்' என்று அறிவுரை சொல்லும் காணொளிகள் நிரப்புகின்றன. ஆய்வுகூடங்களிலோ ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனிக் கட்டணம். செலவைப் பார்த்து ஒன்றோடு நிறுத்துபவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இரத்தம் எடுப்பவர் "கோதுமை சாப்பிடுகிறீர்களா?" என்று கேட்டு, பதிலை அறிக்கையில் குறித்துவிட ஒரு சதமும் செலவாகாது. சீனி பார்க்க இரத்தம் எடுக்கும்போது "சாப்பிட்டிட்டோ வந்தனீங்கள்?" என்று கேட்பது எங்களுக்குப் பழக்கம்தானே.

அக்கா வைத்தியரின் ஆலோசனையோடு மீண்டும் பாண் சாப்பிடத் தொடங்கியிருக்கிறார். காலையில் இரண்டு துண்டு, இரவில் கோதுமை மா ரொட்டி. வயிறு ஊதுகிறது என்கிறார். ஆறு வாரம் முடிய இன்னும் பதினொரு நாள். இந்தமுறை இரத்தம் கொடுக்கும்போது கூடப் போய், மொத்த ஐஜிஏயும் சேர்த்து எழுதப்பட்டிருக்கிறதா என்று நானே பார்ப்பேன்.